‘சிஸ்டமிக் இன்ஃப்ளமேஷன்’: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

கொழிஞ்சாம்பாறை பல் மருத்துவர்:
அனைவருக்கும் வணக்கம். சித்தூர் தாலுக்கா தமிழர்களுக்கான சர்க்கரை நோய் முகாமுக்குத் துண்டறிக்கை ஒன்று, மலையாளத்திலிருந்து தமிழுக்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பெரியோடான்டைடிஸ்’ஸுக்கு ஈறு நோய் என்றே போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது தலைப்பில் உள்ள ‘சிஸ்டமிக் இன்ஃப்ளமேஷன்’: கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு காட்டும் கொதிப்பு, ஓரிடத்தில் நிற்காமல் உடம்பு முழுதும் இருப்பது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்து அதன் உட்சுவர் புண்ணானால், மெல்லும்போதே கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். ஈறில் சுரக்கும், இந்தக் கொதிப்பைத் தூண்டும் சைட்டோகைன் என்ற பொருள்களும் கூடவே போகும். கொதிப்புக்கு அடையாளமான சி-ரியாக்டிவ் புரோட்டீனைக் கல்லீரல் கூட்டும். நோயாளிக்கு வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ‘வீக்கம்’ என்று எழுதினால் எங்கே வீங்கியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாண நண்பர்:
எங்கட பக்கம் ‘சிஸ்டம்’ என்றால் தொகுதி. நரம்புத்தொகுதி, சமிபாட்டுத்தொகுதி என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கு. ‘தொகுதி அழற்சி’ போதுமே?

கோவை நண்பர்:
அது எங்கள் எம்.எல்.ஏ.வுக்குத் தேர்தல் நேரத்தில் வருவது. ‘மண்டல அழற்சி’யும் வேண்டாம், மாநகராட்சியில் ஏற்கெனவே இருக்கிறது.

செங்கோட்டைப் புலவர்:
சுழல், சுழற்சி ஆனதுபோல் அழல், அழற்சி. தீ உள்ளே நிற்கும் சொல், அதைக் கைவிடலாகாது. என் பரிந்துரை ‘மெய்யழற்சி’ அல்லது ‘உள்ளழல்’. நிற்க. ஈறு என்பதற்கு முடிவு என்றும் பொருள். பல் முடியும் இடமே ஈறு என்பது என் துணிபு. மலையாளத்தார் அதையே மோண என்கிறார்கள். நம் மோனையோ முதலில் வருவது. ஆக, ஒரே சதை மலைக்கு இந்தப்பக்கம் ஈறு, அந்தப்பக்கம் முதல்! தெலுங்கில் சிகுரு, அதற்குத் தளிர் என்றும் பொருள். இதை விரித்து நாளை எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் சித்த மருத்துவர்:
புலவர் ஐயா, வளி, அழல், ஐயம் மூன்றில் அழல் என்பது பித்தம். ‘உள்ளழல்’ என்று அச்சடித்தால் பாதிப் பேர் பித்தம் தணிக்கச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு ஈறை அப்படியே விட்டுவிடுவார்கள்.

சித்தூர் தமிழாசிரியை:
மெய்யும் வேண்டாம் ஐயா. நான் இப்போது மெய்யீறு நடத்துகிறேன். ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்றதும் டாக்டரிடம் காட்டலாமே டீச்சர் என்று கேட்ட வகுப்பு இது. ‘உடல் முழுதும் பரவும் அழற்சி’ என்று நேராகச் சொல்லுங்களேன்.

கொழிஞ்சாம்பாறை பல் மருத்துவர்:
டீச்சர், ‘பரவும்’தான் எனக்கு இடிக்கிறது. ஈறில் இருக்கும் சீழ் நடந்துபோய் நெஞ்சில் உட்கார்ந்துவிடும் என்று பயப்படுவார்கள். இதய நோயோடு தொடர்பு உண்டு, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இலேயே சொல்லியிருக்கிறது. சர்க்கரை நோயில் நிலைமை வேறு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் 3, 4 மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சதவீத அளவு, சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. மருந்து செய்யும் வேலையில் ஒரு பங்கு இது. பரவுகிறது என்று மிரட்டாமல், உடம்பே கொஞ்சம் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் சொல்தான் வேண்டும்.

கோவை நண்பர்:
‘உடல்தழுவிய அழற்சி’. நாடு தழுவிய வேலைநிறுத்தம் எல்லாருக்கும் தெரியும்.

சித்தூர் தமிழாசிரியை:
சரி. ‘அழற்சி’ எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, கீழே ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

யாழ்ப்பாண நண்பர்:
எனக்கும் சம்மதம். தொகுதியை மறக்கமாட்டன்.

மார்த்தாண்டம் சித்த மருத்துவர்:
ஆகட்டும்.

கொழிஞ்சாம்பாறை பல் மருத்துவர்:
‘உடல்தழுவிய அழற்சி’ என்றே அனுப்பிவிட்டேன். அதன்கீழே: ‘உடம்பு உள்ளுக்குள் கொஞ்சம் கொதித்துக்கொண்டிருப்பதுதான் இது. ஈறில் ரத்தம் கசிந்தால், பல் டாக்டரிடம் காட்டும்போது சர்க்கரை அளவையும் சொல்லுங்கள்.’ எல்லாருக்கும் நன்றி.

செங்கோட்டைப் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. தழுவுவதற்குக் கை வேண்டும், அழற்சிக்கு ஏது கை? தவிர, அது ரத்தம் அன்று, குருதி. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.