நீர்ப்பரப்பில் காந்த நானோ துகள் படலம் திட்டுத் திட்டாகவே வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமில உறை போட்ட மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகள்களை (சுமார் 10 நானோமீட்டர்) நீரின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பிச் சிலிக்கான் தகட்டில் எடுக்க மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். குளோரோஃபார்மில் கலந்து, லாங்முயர் தொட்டியில் (நீர்ப்பரப்பிலுள்ள படலத்தை நகரும் தடுப்புகளால் நெருக்கும் ஆழமற்ற தொட்டி) நுண்சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, கால் மணி நேரம் ஆவியாக விட்ட பிறகுதான் தடுப்புகளை நெருக்குகிறேன்.

பரப்பழுத்த வரைபடம் (படலத்தால் நீரின் பரப்பு இழுவிசை எவ்வளவு குறைகிறது என்று காட்டுவது) அழகாக 30 மில்லிநியூட்டன்/மீட்டர் வரை ஏறுகிறது. ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் தீவுகளும் நடுவே வெற்றிடமும்தான்! உறையில் ஒட்டாமல் மிஞ்சிய ஒலியிக் அமிலம் தானே படலமாகி இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது என்பது என் சந்தேகம். அப்படியானால் அந்த அழுத்தம் துகள்களுடையதே இல்லை.

சரி என்று எத்தனாலில் கழுவினேன். இரண்டு முறை கழுவியதில் கொஞ்சம் தேவலை. நான்காவது முறை உறையே போய்விட்டது போல. குப்பிக்கு வெளியே காந்தத்தை வைத்ததும் கறுப்பெல்லாம் ஒரு பக்கச் சுவரில் அப்பிக்கொண்டது, எடுத்த பிறகும், எவ்வளவு குலுக்கியும், கலையவில்லை.

கழுவுவதை எங்கே நிறுத்துவது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? நீருக்குப் பதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற எளிதில் ஆவியாகாத திரவத்தின் மேல், ஹெக்சேன் கரைப்பானில் கலந்த துகள்களை விட்டு, கண்ணாடி மூடியின் கீழ் மெல்ல ஆவியாக்கியவர்கள் யாராவது உண்டா? அப்புறம் அந்தக் கிளைக்காலைப் படலம் கிழியாமல் எப்படி அகற்றினீர்கள்?

தொட்டிக்கு அடியில் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்குமா, அதையும் சொல்லுங்கள்.