பழைய பேரேடுகளை ஸ்கேன் செய்து வைக்க எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது?

பெரியவீட்டுப் பிள்ளை:
வணக்கம். கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பேரேடுகள், ஐந்தொகை, பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் பங்காளிகள் சேர்ந்து ஸ்கேன் செய்கிறோம். சுமார் 20,000 பக்கம், 400 டிபிஐ, கலர், டிஃப் கோப்பு. காரைக்குடிக் கடையில் 5 டிபி போர்ட்டபிள்தான் காட்டுகிறார்கள். எந்தக் கம்பெனியை நம்பலாம்? எஸ்எஸ்டியே வாங்கிவிடலாமா? வீடு பாதி நாள் பூட்டிக் கிடக்கும்.

கொப்புடையான்:
முதலில் அளவு. ஏ4 பக்கம் 400 டிபிஐ கலரில் சுருக்காமல் 46 எம்பி வரும். 20,000 பக்கத்துக்கு 930 ஜிபி. பேரேடு ஏ3 அகலம் என்றால் இரட்டிப்பு. ஆக 4 டிபி தாராளம். விண்டோஸ் அதை 3.63 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம்.

போர்ட்டபிளை மூலப் பிரதிக்கு வைக்காதீர்கள். பல மாடல்களில் யுஎஸ்பி முனையை உள்ளே இருக்கும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். முனை ஆடிப்போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் சாட்டா கேபிளில் மாட்ட வழியில்லை. 3.5 இன்ச் டிஸ்க்காக வாங்குங்கள்.

டிஸ்க்கில் தகவலை எழுதும் முறை இரண்டு. சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேட்டு வாங்குங்கள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் நம்ம ஊர் நாட்டு ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; நடுவில் ஒன்றை மாற்ற, அதை ஒட்டி ஏறியிருப்பதையும் எடுத்து அடுக்க வேண்டும். தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். அதற்காக எஸ்எம்ஆர் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதில்லை. ஒரு தடவை எழுதிப் பூட்டி வைக்க அதுவும் போதும். ஆனால் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) ரெய்டு போடும், அதாவது பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். சீகேட் ஐயன்உல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர். 'பிளஸ்' இல்லாத வெறும் ரெட்டை எடுத்துவிடாதீர்கள். அதில் எஸ்எம்ஆர் இருப்பது 2020-ல்தான் வெளியே தெரிந்தது.

தேவகோட்டை ரஸ்தா:
எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி அண்ணே. பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் சேமிப்புக் கம்பெனி 2013 முதல் தன்னுடைய டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை வெளியிடுகிறது. மொத்தத்தில் ஆண்டுக்கு 100-க்கு ஒன்றிரண்டு போகிறது. ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் நன்றாக உழைக்கும், இன்னொன்று சொதப்பும். அதனால் இரண்டு டிஸ்க், இரண்டு வேறு கம்பெனி. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து ஜோடியாக எடுத்தால், தயாரிப்புக் கோளாறு இரண்டிலும் இருக்கலாம். ஒன்று ஊரில், ஒன்று சென்னைப் பங்காளி வீட்டில் இருக்கட்டும்.

வாங்கியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். புதிது என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அதன்பின் கம்பெனியின் சோதனைக் கருவியில் நீண்ட சோதனை. முடிந்ததும் அதே மென்பொருள் காட்டும் ஸ்மார்ட் எண்களில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) 05 (கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்), சி6 (சரிசெய்ய முடியாத இடங்கள்) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று ஏறியிருந்தாலும் மாற்றிக் கேளுங்கள்.

பூஜ்யமாக இருந்தால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களிலும் எந்த எச்சரிக்கையும் இல்லை. இரண்டாவது பிரதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கொப்புடையான்:
எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் எழுதும் டிஸ்க்) பற்றி விட்டுவிட்டேன். ஸ்கேன் செய்யும் லேப்டாப்பில் இருக்கட்டும், பெட்டகத்துக்கு வேண்டாம். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டிக்கு சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் கேட்பதே 30 டிகிரியில் ஓராண்டுதான். புதிதில் அதைவிடத் தாங்கும். ஆனாலும் பூட்டிய வீட்டில் சித்திரை வெயிலில் அதை நம்பி விட்டுப் போக முடியாது.

ஹார்ட் டிஸ்க்கை அதன் உறையிலேயே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரைத்தளத்தில், ஓட்டுக்கு நேர் கீழே இல்லாத அறையில் வையுங்கள். மூடியில் சின்னத் துளை இருந்தால் அதன்மேல் லேபிள் ஒட்டக் கூடாது, அது மூச்சுத்துளை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது மாட்டி எல்லாக் கோப்பையும் படித்துப் பாருங்கள். ஷா-256 (ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்றை முதல் நாளே எடுத்துக்கொண்டால், எந்தக் கோப்பு மாறியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எழுதும்போது யுபிஎஸ் கட்டாயம்.

பெரியவீட்டுப் பிள்ளை:
ரொம்ப நன்றி. ஐயன்உல்ஃப் ஒன்று, என்300 ஒன்று வாங்கியாச்சு. 05, சி5, சி6 பூஜ்யம். ஒன்றில் சி7 மட்டும் 10 காட்டுகிறது. திருப்பிக் கொடுக்கவா?

தேவகோட்டை ரஸ்தா:
வேண்டாம். அந்த மென்பொருள் பதினாறடிமான எண்ணில் காட்டும், 10 என்றால் 16. சி7 பெரும்பாலும் கேபிளில் வரும் தகவல் பிழை. சாட்டா கேபிளை மாற்றி, வேறு முனையில் மாட்டி, 100 ஜிபி நகல் எடுத்துப் பாருங்கள். எண் ஒருபோதும் குறையாது; ஏறாமல் நின்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது. புதுக் கேபிளிலும் ஏறினால் வேறு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அதன்பின் கடைக்குக் கொண்டுபோங்கள்.