மறுமொழி: நோசிசெப்டார் – வலியுணரியா, தீங்குணரியா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

> வலியுணரி என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதைப் போய் எதற்குக் கலைக்க வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் பொருள் தப்பாகப் புழங்குகிறது. நோசிசெப்டார் என்ற அந்த நரம்பு முனை வலியை உணர்வதே இல்லை. உடம்புக்குக் கேடு வருகிறது என்று தகவல் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. வலி உண்டாவது மூளையில். நரம்பியல் ஆய்வாளர் செரிங்டன் 1906-இல் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தபோது எடுத்ததும் 'கேடு செய்' என்று பொருள்படும் லத்தீன் வேரைத்தான்.

நினைவு தப்பிக் கிடப்பவரின் கருவிழிமேல் இருக்கும் கண்ணாடிப் படலத்தை மருத்துவர் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்ப்பார். மூளைத்தண்டும் அந்த நரம்புகளும் சரியாக இருந்தால் இமை மூடும். தொட்டது ஒரு கண், மூடுவது இரண்டும். ஐந்தாம் கபால நரம்பு செய்தியை உள்ளே கொண்டுபோகிறது, ஏழாம் நரம்பு இமைத் தசைக்கு உத்தரவு கொண்டுவருகிறது. படுத்திருப்பவருக்கு நினைவே இல்லை, வலி எங்கிருந்து வரும்? ஆனாலும் இமை மூடிக்கொண்டது. அங்கே வேலை பார்த்ததை வலியுணரி என்று எப்படி எழுதுவது?

எனக்கு முதலில் 'ஊறுணரி' தோன்றியது. ஊறு என்றால் கேடு, ஆசையான சொல்தான். ஆனால் 27-ஆம் குறளில் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று வரும் ஊறு, தொடுவுணர்ச்சி. தொடுவதற்கும் கெடுப்பதற்கும் ஒரே சொல் என்றால் நாம் பிரிக்க வந்ததே பாழ். ஆகவே தீங்குணரி.

அடுத்து, இந்தத் தகவலைக் கொண்டுபோகும் இரண்டு வகை நரம்பிழைகள். ஏ-டெல்டா, சி என்று எழுத்தோடு விட எனக்கு மனமில்லை. காலில் உடைமுள் ஏறினால் முதலில் சுள்ளென்று இருக்கும், கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு நொடி கழித்துத்தான் காந்த ஆரம்பிக்கும். சுள்ளென்றது மயலின் என்ற கொழுப்பு உறையை மெல்லிதாகப் போட்ட ஏ-டெல்டா இழை, அதில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். காந்துவது சி இழை. அதற்கு உறை கிடையாது, நொடிக்கு 2 மீட்டர் ஓடினால் அதிகம். சுள்ளிழை, காந்திழை என்று வைத்துவிடலாமா? சங்கரன்கோவில் பக்கம் வத்தல் காயப்போட்ட களத்தில் நின்றவர்களுக்குக் கண் காந்துவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நரம்பு முனையில் வத்தல் காரம் திறக்கும் அதே வாயிலைத்தான் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் திறக்கிறது.

---

தம்பி,

தீங்குணரியை ஒத்துக்கொள்கிறேன். பஞ்சு நுனி என் வாயை அடைத்துவிட்டது.

சுள்ளிழையும் இருக்கட்டும். காந்திழை மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காந்தம் என்று படித்துவிட்டு இரும்புத்தூளைத் தேடும். அதோடு உன் முள் காலுக்குத்தான் பொருந்தும். கண்ணிலிருந்து மூளைத்தண்டு ஒரு சாண்கூட இல்லையே, முன்னே பின்னே வருவது அங்கே எப்படிப் பிரிந்து தெரியும்? முகத்தைப் பற்றிய கட்டுரைக்கு முள்ளை உதாரணமாகப் போட்டுவிடாதே.

கடுப்பிழை என்று வைப்போம். முள் எடுத்த பிறகும் கால் கடுக்குது என்றுதானே சொல்கிறோம். இளவட்டங்களுக்குக் கடுப்பு என்றால் கோபம், அது வேறு கதை. சிரித்துவிட்டுப் போகட்டும்.

நம் கலைச்சொல் பட்டியலில் வலியுணரி என்று நான் போட்ட பதிவை இன்று ராத்திரியே மாற்றிவிடுகிறேன். நீ இழைகள் இரண்டுக்கும் விளக்கம் எழுதி அனுப்பு, நாலு வரிக்கு மேல் வேண்டாம்.