மைதானத்தில் 'சம்மர் ஆஃப் சோல்' திரையிட: திரையும் ஒலியும் எப்படி அமைப்பது?

கேள்வி – சாட்ஸ்வொர்த் இளைஞர் குழு, டர்பன், தென்னாப்பிரிக்கா

வணக்கம். செப்டம்பர் 24 மரபு தினத்தன்று கோயிலை ஒட்டிய மைதானத்தில் 'சம்மர் ஆஃப் சோல்' ஆவணப்படம் போட இருக்கிறோம். 150 பேர் வரலாம். 4000 லூமன் ஒளி தரும் புரொஜெக்டரும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் இருக்கின்றன. திரை எவ்வளவு பெரிதாக வேண்டும்? கரண்ட் போனால் என்ன செய்வது?

திரைச்சீலை

4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் போனால் இந்த லூமனுக்குப் படம் வெளிறும். கடைசி வரிசை 14 மீட்டருக்குள் இருக்கட்டும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.3 மீட்டர், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும்.

திரையின் முதுகு மேற்கே இருக்க வேண்டும். படம் காட்டும் 1969 ஹார்லெம் (நியூயார்க்) இசை விழாவில் இதற்கு நேர் எதிர்: விளக்குகளுக்குப் பணம் இல்லாததால், வெயில் பாடகர்கள் முகத்தில் விழட்டும் என்று மேடையை மேற்குப் பார்த்துக் கட்டினார்கள். படத்தில் அந்த முகங்கள் அவ்வளவு பளிச்சென்று தெரிவது அதனால்தான். உங்களுக்கோ அதே வெயில் எதிரி. அன்று டர்பனில் ஆறு மணிக்குச் சற்று முன் பொழுது சாயும். 6.30க்குத் தொடங்கினால், 117 நிமிடப் படம் 8.30க்குள் முடியும்.

காற்றை லேசாக எடுக்காதீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், இந்த அளவு துணி 60 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒவ்வொரு கம்பத்துக்கும் முன்னும் பின்னும் கயிறு, கயிற்று முனையில் மணல்மூட்டை.

ஒலிப்பெட்டி

ஸ்பீக்கர்களை இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்து, கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். பேட்டிக் காட்சியை வைத்து வால்யூம் பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் ஒரே மைக்கில் பாடும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கி, அடிவயிற்றிலிருந்து வரும் குரலாக ஏறும். அந்த உச்சத்தில் மிக்சரின் சிவப்பு விளக்கு எரியாத அளவே உங்கள் அளவு.

உம்மென்று இரைச்சல் வந்தால் லேப்டாப், புரொஜெக்டர், மிக்சர் மூன்றையும் ஒரே பலகையில் சொருகுங்கள். கரண்ட் போனால் 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும். 20 மீட்டர் தள்ளி, புகை ஆட்கள் பக்கம் வராத திசையில் வையுங்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். புரொஜெக்டருக்குத் தனி யுபிஎஸ் அவசியம். விசிறி ஓடாமல் சட்டென்று அணைந்தால் பல்பு ஆயுள் குறையும்.

பழைய நாடா

வீட்டு ஸ்ட்ரீமிங் சந்தாவில் ஊருக்குப் படம் போட முடியாது, நுழைவு இலவசமாக இருந்தாலும்கூட. வினியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மைதானத்துக்கு சாம்ரோ (இசை உரிமை அமைப்பு) உரிமம் தேவையா என்றும் கேளுங்கள். இதை இன்றே தொடங்குங்கள், மற்றதெல்லாம் கடைசி வாரத்தில்கூட நடக்கும்.

விழாவை ஹால் டுல்ச்சின் படமெடுத்த சுமார் 40 மணி நேரம் இரண்டு அங்குல வீடியோ நாடா, ஏறக்குறைய 50 ஆண்டு கிடப்பில் கிடந்து, இந்தப் படத்தின் இயக்குநர் குவெஸ்ட்லவ் கைக்கு வந்தது. பழைய காட்சிகள் பிலிம் அல்ல, வீடியோ. ஆகவே புரொஜெக்டரில் கூர்மையைக் கூட்டாதீர்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். இரண்டும் முகங்களை மெழுகாக்கிவிடும்.

ஹியூ மசெகெலா டிரம்பெட் வாசிக்கும் இடம் வரும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விட்பாங்கில் பிறந்தவர், 1960இல் நாட்டை விட்டுப் போய், 1990இல்தான் திரும்பினார். நம் நாட்டுக்காரர் அந்த மேடையில் நிற்கிறார் என்று முன்பே சொல்லி வையுங்கள். தலைவர்கள் கொல்லப்பட்ட காலத்துக் காட்சிகளும் போதைப்பொருள் பேச்சும் உண்டு. சின்னஞ்சிறுசுகளின் பெற்றோருக்கு அதையும் தெரிவித்துவிடுங்கள்.