மாநிலங்களவை மறுத்தால் மசோதா என்ன ஆகும்?

கேள்வி – குடிமையியல் ஆசிரியை:
மக்களவையும் மாநிலங்களவையும் சம அதிகாரம் உடையவையா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். ஏறக்குறைய சமம்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மக்களவை நிறைவேற்றிய மசோதாவை, பெரும்பாலும் எம்.எல்.ஏ.க்களின் வாக்குகளால் அமைந்த மாநிலங்களவை நிராகரித்தால் என்ன நடக்கும் என்று அவள் அடுத்துக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பதில் – பழைய வழக்கறிஞர்:
அது மசோதாவின் வகையைப் பொறுத்தது, அம்மா. வரி, அரசுச் செலவு போன்றவை பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள்களுக்குள் பரிந்துரைகளுடனோ இல்லாமலோ திருப்பி அனுப்ப வேண்டும். அப்பரிந்துரைகளை மக்களவை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரண மசோதாவில் முட்டுக்கட்டை விழுந்தால், குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். அங்கே 543 இடங்கள் கொண்ட மக்களவையின் கையே பெரும்பாலும் ஓங்கும். இருப்பினும் 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் மூன்று மசோதாக்களுக்காக மட்டுமே அவ்வாறு கூடியிருக்கிறார்கள். முதலாவது வரதட்சிணைத் தடை மசோதா. அரசமைப்புத் திருத்தத்துக்கு இந்த வழியே கிடையாது. இரு அவைகளும் தனித்தனியே நிறைவேற்றியாக வேண்டும்.

பதில் – நூலகவாசி:
மேலே சொன்ன கடைசி விதியின் வலிமையை 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி நேரில் கண்டார். முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு வழங்கிவந்த மானியத்தை ஒழிக்க, மக்களவையில் தேறிய அரசமைப்புத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் விழுந்தன. வாக்களித்த 224 பேரில், திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு என்பது 149.33, ஆகவே 150 பேர் தேவைப்பட்டனர். ஒரே ஒரு வாக்குக் குறைவால் மசோதா வீழ்ந்தது. அதையடுத்து மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற பிறகே, 26ஆவது திருத்தத்தின் மூலம் மானியம் ஒழிந்தது. மேலவையை வெறும் அலங்காரம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பதில் – பழைய வழக்கறிஞர்:
ஒன்றை விட்டுவிட்டேன். அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்பானது என்பதால், மாநிலங்களவையால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பின் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் தோற்றது மக்களவையில்தான். ஆனால் பிரதமர் மேலவை உறுப்பினராக இருக்கத் தடையில்லை. மன்மோகன் சிங் அப்படித்தான் பத்தாண்டுகள் ஆண்டார்.

குடிமையியல் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. நாளை 224இல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் அவளையே போடச் சொல்கிறேன்.