பெட்டி வரலைன்னா ஹாலை விட்டு வெளியே வராதீங்க – எங்க குடும்ப குரூப்பில் இரண்டு நாள் பேச்சு

சனி, இரவு

சித்தி: ஏர்போர்ட்ல இறங்கிட்டோம். ஒரு பெட்டி வந்துடுச்சு. நீலப் பெட்டியைக் காணோம். பெல்ட்டே நின்னுபோச்சு.

மாமா: ராத்திரி நேரம், ரெண்டு பேரும் களைச்சுப்போயிருப்பீங்க. போய்ப் படுங்க, காலைல போன் பண்ணிக் கேட்டுக்கலாம்.

அண்ணன்: வேண்டாம் மாமா. சித்தி, வெளியே வந்துடாதீங்க. வந்துட்டா திரும்ப உள்ளே போறது பெரும்பாடு. பெல்ட்டுக்குப் பக்கத்துல இறக்கி வெச்சிருக்கிற பெட்டிகளை ஒரு தடவை பாருங்க. பெரிய சாமான் வர்ற தனி பெல்ட்டையும் பாருங்க.

சித்தி: சித்தப்பா ரெண்டையும் பாத்துட்டு வந்துட்டார். இல்லை.

அண்ணன்: அப்போ அதே ஹால்ல லக்கேஜ் கவுன்டர் இருக்கும். நேரா அங்கே போங்க.

சித்தி: நடுவுல வேற ஏர்லைன்ஸ் மாறினோமேப்பா. யார்கிட்ட சொல்றது?

அண்ணன்: கடைசியா கொண்டுவந்து இறக்கினவங்ககிட்ட. பெட்டி எங்கே தவறியிருந்தாலும் புகாரை அவங்கதான் வாங்கணும். "அங்கே போய்க் கேளுங்க"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

அக்கா: சித்தி, செக்-இன்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுத்திருப்பாங்க, போர்டிங் பாஸ் பின்னாடி ஒட்டி. அதுல 10 இலக்க நம்பர் இருக்கும். அதை பத்திரமா வெச்சுக்கோங்க.

சித்தி: இருக்கு. சித்தப்பா பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சிருக்கார்.

அண்ணன்: நல்லது. கவுன்டர்ல பி.ஐ.ஆர்.னு, பெட்டி வரலைங்கிறதுக்கு ஒரு அறிக்கை போடுவாங்க. அதோட நம்பரை வாங்காம நகராதீங்க. அஞ்சு எழுத்து, அஞ்சு எண். முதல் மூணு எழுத்து ஏர்போர்ட், அடுத்த ரெண்டு ஏர்லைன்ஸ். இந்த நம்பரைப் போட்டுத்தான் வேர்ல்டு டிரேசர்ல, அதாவது ஏர்லைன்ஸ்காரங்க காணாமப்போன பெட்டியைத் தேடுற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல, பெட்டி எங்கே இருக்குன்னு தேடுவாங்க. நாமளும் பாத்துக்கலாம்.

அண்ணன்: "நீலப் பெட்டி"ன்னு மட்டும் எழுதாதீங்க சித்தி. கெட்டி உறையா துணியா, எத்தனை சக்கரம், கைப்பிடில என்ன கட்டியிருக்கு, உள்ளே என்ன இருக்கு, எல்லாம் சொல்லுங்க. டேக் கிழிஞ்சு போயிருந்தா பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிறதை வெச்சுத்தான் யாரோடதுன்னு பொருத்திப் பாப்பாங்க.

சித்தி: கைப்பிடில மஞ்சள் ரிப்பன். உள்ளே மேலாக்க சித்தப்பாவோட பச்சை ஸ்வெட்டர், அடியில கருப்பு ஷூ. எழுதச் சொல்றேன்.

(கொஞ்ச நேரம் கழித்து)

சித்தி: கவுன்டர்ல இருந்த தம்பி "வந்துடும்மா, நாங்களே கூப்பிடறோம்"னு அனுப்பப் பாத்தார். நம்பர் கையில வந்தாதான் போவேன்னு நின்னேன். கொடுத்துட்டார். போட்டோ அனுப்பறேன்.

அக்கா: சபாஷ் சித்தி! சித்தப்பா பிரஷர் மாத்திரை?

சித்தி: கைப்பையில இருக்கு.

அண்ணன்: நிம்மதி. நாளைக்கு அவசியமான துணிமணி, பிரஷ், பேஸ்ட் வாங்கிக்கோங்க. பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நியாயமான செலவை ஏர்லைன்ஸ்கிட்ட கேட்டு வாங்கலாம். பில் இல்லைன்னா பேச்சே கிடையாது.

மாமா: ஒருவேளை கிடைக்கவே இல்லைன்னா என்ன தருவாங்க?

அண்ணன்: சர்வதேசப் பயணத்துக்கு 1999-ம் வருஷத்து மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு மாமா. அதுல ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28-லேருந்து இந்தக் கணக்கு, அதுக்கு முன்னாடி 1,288. எஸ்.டி.ஆர்.ங்கிறது ஐ.எம்.எஃப். வெச்சிருக்கிற கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு அஞ்சையும் சேர்த்து மதிப்புப் போடுவாங்க.

மாமா: அவ்வளவும் அப்படியே கையில வந்துடுமா?

அண்ணன்: வராது. அது உச்ச வரம்புதான், அதுவும் ஆளுக்கு, பெட்டிக்கு இல்லை. உள்ளே என்ன இருந்துச்சு, என்ன விலைன்னு நாம காட்டணும். பழைய சாமானுக்குக் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. நகை, பணம், லேப்டாப்பை செக்-இன்ல போட்டா பொறுப்பில்லைன்னு நிறைய ஏர்லைன்ஸ் விதியிலேயே எழுதி வெச்சிருக்காங்க. உள்நாட்டு விமானம்னா அந்தந்த நாட்டுச் சட்டம், அது வேற கணக்கு.

ஞாயிறு, மாலை

சித்தி: பெட்டி வந்துடுச்சு!! ஆனா ஒரு மூலை நசுங்கி, ஒரு சக்கரம் கழண்டு கிடக்கு. கொண்டுவந்த ஆள் கையெழுத்துக் கேக்கறார்.

அண்ணன்: கையெழுத்துப் போடற தாள்லயே "மூலை நசுங்கியிருக்கு, சக்கரம் இல்லை"ன்னு எழுதிட்டுப் போடுங்க. டேக்கைக் கிழிக்காம, டேக்கும் உடைஞ்ச இடமும் ஒரே படத்துல தெரியற மாதிரி போட்டோ எடுங்க.

மாமா: சக்கரம்தானே, போகட்டும்னு விட்டுடலாமே.

அண்ணன்: ஏன் விடணும் மாமா? ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டா நல்ல நிலையிலதான் வந்துச்சுன்னுதான் எடுத்துக்குவாங்க. சேதம்னா கைக்கு வந்த 7 நாளைக்குள்ள எழுத்துல புகார் போகணும். போன்ல சொன்னது கணக்குல வராது. தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்ததுலேருந்து 21 நாள். வரவே இல்லை, 21 நாள் ஆயிடுச்சுன்னா தொலைஞ்சதாவே வெச்சு நஷ்ட ஈடு கேக்கலாம். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா 2 வருஷம். இந்த 7 நாள்லதான் பாவம் நிறைய பேர் கோட்டை விடறாங்க.

சித்தி: இன்னிக்கே மெயில் அனுப்பிடறோம். துணி பில்லும் சேர்த்து.

அக்கா: அண்ணா, அடுத்த வாரம் நான் குழந்தைங்களோட கிளம்பறேன். இதைப் பாத்ததும் பயமா இருக்கு.

அண்ணன்: பயப்படாதே. பெரும்பாலும் விமானம் மாறுற இடத்துலதான் தவறும். நீ ஓடிப்போய் ஏறிடுவ, பெட்டி ஓடாது. ரெண்டு விமானத்துக்கும் நடுவுல தாராளமா நேரம் இருக்கிற டிக்கெட்டாப் பாரு. பழைய டேக், குட்டி பார்கோடு ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிச்சுடு, ஸ்கேனர் அதைப் படிச்சா குழப்பம். கவுன்டர்ல டேக் ஒட்டினதும் அதுல இருக்கிற மூணு எழுத்து நீ போற ஊரான்னு அங்கேயே பாரு. பெட்டி பெல்ட்ல போனப்புறம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அமெரிக்கா மாதிரி சில நாட்டுல, முதல்ல இறங்குற ஊர்லயே பெட்டியை நாமே எடுத்து மறுபடி கொடுக்கணும், அதையும் அப்பவே கேட்டுக்கோ.

சித்தி: குழந்தைங்க துணியை ரெண்டு பெட்டிலயும் பிரிச்சு வைம்மா. ஒண்ணு வரலைன்னாலும் சமாளிச்சுடலாம். திறந்து வெச்சு ஒரு போட்டோவும் எடுத்துக்கோ. நேத்து உள்ளே என்னென்ன இருந்துச்சுன்னு யோசிக்கவே எங்களுக்கு ரொம்ப நேரமாச்சு.

அக்கா: பெட்டி எங்கே இருக்குன்னு போன்ல காட்டுற ஏர்டேக்கை உள்ளே போடலாமா?

அண்ணன்: தாராளமா. இடத்தைக் காட்டுற லிங்க்கை ஏர்லைன்ஸுக்கே அனுப்பற வசதி இருக்கு, பல ஏர்லைன்ஸ் வாங்கிக்கறாங்க. உள்ளேயும் பேர், போன் நம்பர் எழுதின ஒரு தாள் வை. பவர் பேங்க் மட்டும் செக்-இன் பெட்டில கூடவே கூடாது.

அக்கா: அது கைப்பையிலதான் இருக்கும்.

அண்ணன்: அங்கேதான் ஒரு விஷயம். மேல இடமில்லைன்னு கேட்லயே கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பிடுவாங்க. அந்த நேரத்துல பவர் பேங்க், மருந்து, சாவி, பாஸ்போர்ட்டை எடுக்க அவகாசம் இருக்காது, பின்னாடி வரிசை நிக்கும். இது நாலையும் முதல்லயே ஒரு சின்னப் பையில போட்டு கைப்பெட்டிக்குள்ள மேலாக்க வை. கேட்டா பையை உருவிக்கிட்டு பெட்டியைக் கொடுத்துடு.

அக்கா: சரிண்ணா. சின்னவனோட இன்ஹேலரும் அதுல போட்டுடறேன்.