மிர்-1246 உண்மையான மைக்ரோஆர்என்ஏ மரபணுதானா?

தளிர் கேட்டது:
சீரம் (இரத்த நீர்) மாதிரிகளில் சிறு ஆர்என்ஏ சீக்வென்ஸிங் (எழுத்து வரிசையைப் படிப்பது) செய்திருக்கிறோம். நோயாளிகளிடம் மிர்-1246 என்ற மைக்ரோஆர்என்ஏ (மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) நன்றாகக் கூடித் தெரிகிறது. மைக்ரோஆர்என்ஏக்களின் தரவுத்தளமான மிர்பேஸ் பட்டியலில் அது இருக்கிறது. இன்னொரு தரவுத்தளமான மிர்ஜீன்டிபியில் தேடினால் கிடைக்கவில்லை. இரண்டிலும் மனித ஜீனோம் இருக்கிறதுதானே, ஏன் இந்த வித்தியாசம்? அது அடக்கும் இலக்கு மரபணுக்களைத் தேட ஆரம்பிக்கலாமா?

ஈரிழை:
இலக்குகளை அப்புறம் பார்க்கலாம், தளிர். முதலில் மிர்-1246இன் 19 எழுத்துகளையும் யு2 சிறு உட்கரு ஆர்என்ஏவின் வரிசையோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துகூட மாறாமல் அதற்குள்ளேயே கிடைக்கும். யு2 என்பது ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவில் வேண்டாத பகுதிகளை வெட்டி ஒட்டும்) இயந்திரத்தின் பாகம், செல்லில் மிக அதிகமாக இருப்பது. அது சிதையும்போது துண்டுகள் வரத்தானே செய்யும்?

மைக்ரோஆர்என்ஏ என்றால் அது பிறக்கும் விதம் வேறு. கொண்டைஊசி போல மடிந்த ஆர்என்ஏவை முதலில் ட்ரோஷா என்ற நொதியும் பிறகு டைசர் என்ற நொதியும் வெட்டுகின்றன. இரண்டுமே 3' முனையில் (இழையின் கடைசி முனை) 2 எழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும்படி வெட்டும். அதனால் கொண்டைஊசியின் இரு கைகளிலிருந்தும் 20 முதல் 26 எழுத்து நீள ரீடுகள் (சீக்வென்ஸிங்கில் படித்த துண்டுகள்) வரும், அவற்றின் 5' முனைகள் (தொடக்க முனைகள்) ஒரே இடத்தில் கச்சிதமாகத் தொடங்கும். பாஸ்டியன் ஃப்ரோம், கெவின் பீட்டர்சன் குழு 2015இல் இந்தத் தடயங்களை வைத்துத்தான் மிர்பேஸின் 1,881 மனிதப் பதிவுகளைச் சலித்தது. உறுதியான ஆதாரத்தோடு தேறியவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிர்ஜீன்டிபி அந்த வேலையில் பிறந்ததுதான். மிர்பேஸைக் குறை சொல்ல மாட்டேன். 2002இல் பெயர் வழங்கும் பதிவேடாகத் தொடங்கியது அது. ஆய்வாளர்கள் வெளியிட்டதை அது வாங்கி வைத்தது, நாம்தான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு: இலக்கு கணிக்கும் மென்பொருளுக்கு எந்த 22 எழுத்தைக் கொடுத்தாலும் நூற்றுக்கணக்கில் மரபணுக்களைக் கொட்டும். அதை நம்பி ஒரு மாணவரின் வருடங்கள் போய்விடும்.

பனிக்காடு:
ஈரிழை சொல்வது சரி, ஆனால் சல்லடை இறுக்கமானால் நல்லதும் நழுவும். சி. எலிகன்ஸ் புழுவின் எல்எஸ்ஒய்-6 மைக்ரோஆர்என்ஏ மரபணு மிகச் சில நரம்பு செல்களில் மட்டும் இயங்குகிறது. 2003இல் அதைப் பிடித்தது மரபியல் சோதனை. சிறு ஆர்என்ஏக்களைப் பிரித்தெடுத்துப் படிக்கும் குளோனிங்கில் கண்ணில் படாதது அது. மிர்-451ஐயும் பாருங்கள்: டைசரே தேவையில்லை, ஆர்கோனாட்-2 என்ற புரதம் வெட்டுகிறது. எதிர்க் கை ரீடுகளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ஈரிழை:
ஒத்துக்கொள்கிறேன், அந்த இரண்டுக்கும் தனியான சோதனை ஆதாரம் இருக்கிறது. மிர்-1246க்கு அப்படி நிற்பது எது என்பதுதான் என் கேள்வி.

தளிர்:
யு2வோடு பொருத்திப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. ரீடுகள் அந்த 19 எழுத்தோடு நிற்காமல் இரண்டு பக்கமும் யு2 வரிசையிலேயே நீள்கின்றன. அப்படியானால் என் மாதிரிகளில் கூடியிருப்பது வீணா?

ஈரிழை:
வீணில்லை. நோயாளிகளிடம் யு2 துண்டு கூடுவதே ஒரு அடையாளமாக இருக்கலாம், அதை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். டிஆர்என்ஏ, ரைபோசோம் ஆர்என்ஏ, சிறு உட்கரு ஆர்என்ஏ ரீடுகளை முதலில் பிரித்துவிட்டு, மிச்சத்தை மிர்ஜீன்டிபியோடு பொருத்துங்கள். ரீடுகளின் நீள வரைபடத்தில், மைக்ரோஆர்என்ஏவின் வழக்கமான நீளமான 22இல் ஒரு மேடு தெரிகிறதா என்று சொல்லுங்கள்.